நீலத் தோல் பட்டை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும். இதுவரை நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுவாள், அவளுக்குப் பிடிக்காததை விட்டுவிடுவாள். இந்தக் கடிதம் முழுக்க என் கையெழுத்து. வரி கீழே இறங்கினால் சிரிக்காதே, அதற்கும் என் வயதுதான். இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்கிறேன், அம்மாதான் வாத்தியார். ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரல் வைத்து வாய்விட்டுப் படித்தால்தான் காபி தருவாள். நான் தெருவில் கடைப் பலகைகளை நின்று சத்தமாகப் படிப்பதால் என்னோடு வெளியே வர அவளுக்கு வெட்கம். சலூன்காரர், உள்ளே விலைப் பலகையும் இருக்கு, அதையும் படிச்சுட்டுப் போங்க என்று கிண்டல் செய்கிறார்.

ஒரு துக்கச் செய்தியும் இருக்கிறது. போனில் சொன்னால் தான் அழுதுவிடுவோம் என்று அம்மா உன்னிடம் சொல்லவில்லை. சின்ன வயதில் உன்னை முதல்முதலாக வானத்துக்குக் கூட்டிப்போன பல் டாக்டர் இறந்துவிட்டார். அவருடைய அந்தச் சின்ன விமானம்தான். எங்கள் பட்டறைக்குப் பக்கத்து ஓடுபாதையில் கிளம்பி, மரங்களைத் தாண்டியதும் சத்தம் நின்று வயலில் விழுந்துவிட்டது. கூடப் போன அவர் மச்சானும் பிழைக்கவில்லை. நான் வேறொரு விமானத்தின் இருக்கைக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன். மேலே சத்தம் நின்றதும் என் காலும் தையல் மெஷின் மிதியில் அப்படியே நின்றுவிட்டது. விசாரிக்க வந்த அதிகாரிகள் சொன்னதை மெக்கானிக் எனக்கு விளக்கினார். எஞ்சினில் பழுதில்லை. ஒரு இறக்கையில் பெட்ரோல் நிறைய இருந்தது, மற்றதில் காலி. எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது என்று திருப்பிவிடும் கைப்பிடி காலிப் பக்கமே இருந்ததாம். கிளம்பும் முன் சரிபார்க்க வேண்டியதை எழுதிய அட்டை, அதற்காக இருக்கையோரம் நான் தைத்துக் கொடுத்த பைக்குள்ளேயே இருந்தது. டாக்டருக்கு அதெல்லாம் மனப்பாடம். மச்சானோடு பேசிச் சிரித்துக்கொண்டே ஏறினார். நல்ல மனுஷன். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது, நல்லாக் கத்துங்க, வெளியே காத்திருக்கிறவங்க ஓடிடுவாங்க, நான் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று சிரிக்கவைத்தவர். அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை, ஆனால் தப்பு அவருடையதுதான்.

அன்றிலிருந்து அம்மா ஒரே பிடிவாதம். நீ முதல்முறை தனியாக ஓட்டப்போகும் நாள் நெருங்குகிறதே, போதும் விமானம், வீட்டுக்கு வந்துவிடு என்று எழுதச் சொன்னாள். பேனா என் கையில் இருப்பதால் நான் அப்படி எழுதவில்லை. எனக்கும் பயம்தான். ஆனால் அன்று டாக்டரின் விமானத்திலிருந்து இறங்கியபோது உன் முகம் இருந்த அழகு எனக்கு மறக்கவில்லை. அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எத்தனை வருஷம் ஓட்டினாலும் அந்த அட்டையை உன் அப்பா படிப்பது போலவே படி. வரியின் கீழ் விரல் வை, வாய்விட்டுச் சொல், சொன்னதைத் தொட்டுப் பார், பிறகுதான் அடுத்த வரி. பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். என்னைப் பார்த்துத் தெருவே சிரிக்கிறது, எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. இந்த முறை பை தைக்கவில்லை. அட்டையைத் தொடைமேல் கட்டிக்கொள்ள ஒரு பட்டை தைத்திருக்கிறேன், எப்போதும் கண்ணெதிரே இருக்கும். டாக்டர் இருக்கைக்கு வாங்கியதில் மிஞ்சிய நீலத் தோல்.

நீ நினைத்தபடி பறந்து, பத்திரமாகத் தரையிறங்கி, நெடுநாள் நன்றாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். இறங்கியதும் முதலில் அம்மாவுக்குப் போன் செய்.

தன் கையால் எழுதும்,
உன் அப்பா

பின்குறிப்பு: பிழை பார்க்க அம்மா வாங்கிப் படித்தாள். வீட்டுக்கு வரச் சொல்லும் வரி எங்கே என்று என்னை முறைத்தாள். பிறகு பட்டையை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, புள்ள காலில் கழண்டுடப் போகுது, இன்னொரு வரிசை தையல் ஓட்டுங்க என்றாள். ஓட்டிவிட்டேன்.