தானே நிரம்பிய கட்டம்

மார்ச் 4, திங்கள்
குடிநீர் வாரியத்தின் காகித வரைபடங்கள் எல்லாம் ஒருவழியாகக் கணினியில் ஏறிவிட்டன. இனி குழாயோ வால்வோ, எது மாறினாலும் களப் பணியாளர்களே குழியருகில் நின்று டேப்லெட்டில் பதிய வேண்டும். அதற்கான படிவத்தை அமைப்பது என் வேலை. குழாயைத் தொடாமல் அந்தரத்தில் வால்வை வைத்தால் சேமிக்காது என்று இன்று விதி போட்டேன். சின்ன வேலைதான். மனசுக்கு நிறைவு.

மார்ச் 19, செவ்வாய்
களத்தில் பயிற்சி. நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஃபிட்டர், டேப்லெட்டை என்னிடமே நீட்டிவிட்டார். “மேப் அக்கா, ஒரு வால்வுக்குப் பதினோரு கேள்வியா? எங்க மாமனார்கூட என்னை இத்தனை கேக்கலை.” சிரித்துவிட்டேன். ஆனால் அவர் கையெல்லாம் சேறு, திரை வழுக்கியது. குறைத்துத் தருகிறேன் என்றேன்.

மார்ச் 20
பதினோரு கேள்வி நான்காகிவிட்டது. மற்றக் கட்டங்கள் தானே நிரம்பும். ‘வால்வின் நிலை’ என்ற கட்டத்தில் ‘மூடியது’. புதிதாகப் பொருத்துகிற வால்வு, சோதனை முடியும்வரை மூடித்தானே இருக்கும்?

ஏப்ரல் 23, செவ்வாய்
நெட்டைக்கு அடி. உடைந்த குழாயைக் கழற்றக் குழிக்குள் இறங்கியிருக்கிறார். இரண்டு பக்கமும் வால்வு மூடியிருப்பதாக வரைபடம் காட்டியிருக்கிறது. ஒன்று திறந்திருந்தது. இணைப்பைத் தளர்த்தியதும் தண்ணீரின் வேகத்தில் குழாய் எகிறி — தொடையிலும் இடுப்பிலும். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள்.

ஏப்ரல் 24
அந்த வால்வின் பதிவு வரலாற்றைத் திறந்தேன். பல வருஷமாக மண்ணுக்குள் இருந்த வால்வு. போன மாதம்தான் வேறொரு குழு வரைபடத்தில் சேர்த்திருக்கிறது. நிலைக் கட்டத்தை யாரும் தொடவேயில்லை. நிரப்பியது நான்.
இப்படித் தொடப்படாமல் ‘மூடியது’ என்று கிடப்பவை முந்நூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் நிஜமென்றால் பாதி ஊர் காய்ந்திருக்கும். எனக்கு ஏன் உறைக்கவில்லை? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எண்ணிப் பார்த்திருந்தால்—
எல்லாவற்றையும் ‘தெரியாது’ என்று மாற்றினேன். இனி அந்தக் கட்டம் காலியாகவே வரும். பார்த்து நிரப்பாமல் சேமிக்காது.

ஏப்ரல் 29
விசாரணை அறிக்கை வந்துவிட்டது. ‘வால்வை நேரில் சரிபார்க்காமல் இறங்கியது ஃபிட்டரின் கவனக்குறைவு.’ வரைபடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.
“கேட்டா சொல்லு. நீயா போய் வாயக் குடுக்காத” என்கிறார் கணவர். யாரும் கேட்கமாட்டார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

மே 3
ஆஸ்பத்திரிக்குப் போய் நெட்டையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “குறைக்கச் சொன்னது நான்தானே” என்றார். என் பக்கம் திரும்பி, “ஆனா மூடியிருக்குன்னு போடச் சொல்லலையேக்கா.”
நான் அழுதுவிட்டேன். அவர் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. “இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கவனமில்லாதவர்னு எழுதிட்டாங்க. இங்க வந்து அழுது என்ன ஆகப்போகுது? எழுதின இடத்துல போய்ச் சொல்லுங்க.”

மே 6, திங்கள்
போய்ச் சொன்னேன். பதிவு வரலாற்றையும் இரண்டு பக்கக் கடிதத்தையும் கொடுத்தேன். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “இது உங்க தலையிலதான் வந்து விடியும். தெரியுமில்ல?”
“தெரியும் சார்.”


ஜூன் 12
அறிக்கையைத் திருத்திவிட்டார்கள். ‘கவனக்குறைவு’ என்ற சொல் போய்விட்டது. என்னைப் புகார்ப் பிரிவுக்கு மாற்றியாயிற்று. வரைபடத்தை இனி பார்க்க மட்டும்தான் முடியும், தொட முடியாது. கணவர் எனக்குத் தட்டு எடுத்து வைத்தார்.

ஜூலை 2
நாற்பது புகார். தொண்டை கட்டிவிட்டது.

செப்டம்பர் 9, திங்கள்
காலையில் ஒரு பெண்குரல். இரண்டு நாளாகத் தெருவில் தண்ணீர் வரவில்லையாம். முகவரி சொன்னதும் தெரிந்துவிட்டது: நெட்டையின் மனைவி. என் குரலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், சட்டென்று நிறுத்திவிட்டாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.
“கம்பு ஊனி வாசல் வரைக்கும் நடக்கிறார்” என்றாள். பிறகு, “தண்ணி எப்ப வரும்?”
திரையில் அவர்கள் தெருவின் வால்வு ‘திறந்தது’ என்று காட்டியது.
“ஆள் அனுப்புறேன்மா. நேர்ல பார்த்துட்டு வரட்டும், அப்புறம் சொல்றேன்.”
“சரி, இருக்கேன்” என்றாள்.