வால் சக்கரத்தை நனைத்தவர்கள்

1944 ஆகஸ்ட் 12, சனி

கறிக்கடை வரிசையில் எத்தல் மறுபடியும் ஆரம்பித்தாள். அவள் மகன் போர்க்கப்பலில் சமையல்காரன். அந்தப் பெருமை அவளுக்கு.

"உங்க பேரன் குண்டு போடுற விமானத்துல கடைசியிலதானே உக்காருறான்?"

"ஆமாம்டி. மத்த ஆறு பேரும் முன்னாடி பார்க்கிறாங்க. பின்னாடி துரத்திட்டு வர்றவனைச் சுட என் சிரில் ஒருத்தன்தான். அவன் கண்ணசந்தா ஏழு பேரும் காலி."

கறியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

இன்று சிரிலும் கூட்டாளிகளும் காலையிலேயே கிளம்பினார்கள். கையசைக்க விமானத் தளத்து வேலிக்கு ஓடினேன். விமானம் பக்கத்திலேயே நின்றது. பார்த்தால் — கடவுளே! ஏழு பேரும் வால் சக்கரத்தைச் சுற்றி நின்று, பித்தானைக் கழற்றிக்கொண்டு... மன்னர் கொடுத்த சீருடையில்!

"டேய் சிரில்! உன்னை இப்படியாடா வளர்த்தேன்? மூடுடா!"

அவன் காது சிவந்துவிட்டது. விமானி ஹாடோ ஓடிவந்தான். "பாட்டிம்மா, இது எங்க ராசி. சக்கரத்தை நனைக்காமப் போனவங்க திரும்பி வந்ததில்லை."

"ராசியாவது! அஞ்சாவது படிச்ச எனக்கே தெரியுது, கழிப்பறை எதுக்குக் கட்டியிருக்குன்னு."

மற்றவர்கள் வேலையை முடித்தார்கள். சிரில் மட்டும் அப்படியே ஏறினான்.

அதே நாள், மதியம்

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இல்லவே இல்லை. ஆனாலும் விட்டிருக்கலாமே? ஒரு நிமிஷ வேலை. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டேனா நான்? ஐயோ, என் பிள்ளை.

மற்ற விமானங்களெல்லாம் இறங்கிவிட்டன. அவனுடையது —

அதே நாள், மாலை

வந்துவிட்டான்! எல்லாருக்கும் கடைசியாக, ஒரு எஞ்சின் அணைந்துபோய்.

இரவில் நம் பையன்களை வேட்டையாடும் ஜெர்மன் விமானங்கள் கிளம்புகிற தளத்தையே குழி குழியாக்கிவிட்டார்களாம். அங்கே போய்ச் சேருவதற்குள் சிரிலால் அடக்க முடியவில்லை. நான் கட்டிக்கொடுத்த பிஸ்கட்டைச் சட்டைப்பையில் கொட்டிவிட்டு, அந்த டப்பாவிலேயே ஒன்றுக்குப் போய், தளத்துக்கு நேர் மேலே தன் வால் கூண்டிலிருந்து வீசினானாம். "கடைசிக் குண்டும் விழுந்தாச்சு!" என்று எல்லார் காதிலும் கேட்கக் கத்தினானாம்.

"டப்பா போச்சு பாட்டி, திட்டாத" என்றான். சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பையெல்லாம் பிஸ்கட் தூள்.

ஆகஸ்ட் 17, வியாழன்

எத்தலிடம் மற்ற குண்டுகளைப் பற்றி மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

மறுபடியும் பறக்கிறார்கள். வேலிக்குப் போனேன். ஏழு பேரும் வால் பக்கம் நெளிந்தபடி என்னையே பார்த்தார்கள். நான் சாலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

பால்காரர் வண்டியை நிறுத்தினார். "என்னம்மா, பேரனை வழியனுப்பலையா?"

"அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்களும் நேராப் பார்த்துக்கிட்டே போங்க."