சின்ன லீவரின் கட்டை அறுத்தது யார்?

என் உயிர் மச்சான் மைதீனுக்கு,

சுகமா என்று உன்னைக் கேட்பதற்கில்லை. போன இடத்தில் உனக்கென்ன குறை இருக்கப்போகிறது? நான்தான் சுகமாக இல்லை. கொதித்துப் போய் இருக்கிறேன்.

நீ கண்ணை மூடி வருஷம் திரும்புகிறது, சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவனிடமா என்று நீ சிரிப்பாய். அந்த ஐந்தாம் வகுப்பில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு வாத்தியாரே தன் கையெழுத்தை மாற்றிக்கொண்டார், தெரியுமல்லவா? "பாதியக் கழிச்சிட்டுச் சொல்லுல" என்பாய். சரி, வாத்தியாரை விடு. தாராவி முழுக்கப் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உன் பெயரைக் கெடுத்தார்கள் மச்சான். செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டான் என்கிற தைரியத்தில் கெடுத்தார்கள்.

வேலாயுத அண்ணாச்சியின் ஜீப்பை மறந்திருக்கமாட்டாய். பட்டாளத்தில் கழித்து ஏலம் விட்ட பழைய வண்டி. வேண்டும்போது சின்ன லீவரைப் போட்டால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். நீ கடைசியாகக் கை வைத்த வண்டி அதுதான். மாசி மாதம் அதன் கியர் பெட்டியைப் பிரித்துப் பூட்டினாய்; பங்குனியில் போய்விட்டாய். அடுத்து வந்த மழைக்காலம் முழுக்க அண்ணாச்சி அதில்தான் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு செம்பூருக்கும் பாண்டுப்புக்கும் போய்வந்தார். மாஹிம் பக்கம் தண்ணீரில் பஸ்ஸே நின்றபோது அந்த ஜீப் கப்பல் மாதிரிப் போனது. கழுத்தளவு தண்ணீர் என்று எழுதத்தான் கை போனது. உனக்காக முழங்காலுக்கு இறக்கிவிட்டேன்.

தீபாவளிக்கு முன்னால் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. திருப்பத்தில் ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. வளைத்தால் முன் டயர் கிறீச்சிட்டுத் தத்தித் தத்தி வந்தது. அடியில் ஒரு முனகல் வேறு. அண்ணாச்சி நம்மிடம் வந்தாரா? இல்லை. நேரே செம்பூரில் புதிதாகத் திறந்த ஒரு கராஜுக்குப் போனார். அங்கே இருக்கிற மிஸ்திரி இப்போது வருகிற சின்னச் சின்னக் கார்களுக்குப் பவுடர் பூசிப் பழகியவன். குனிந்துகூடப் பார்க்காமல், "பாக்ஸ் கதம், சேட். முன்னாடி எவன் பூட்டுனானோ அவன் கெடுத்துட்டான். மொத்தமா மாத்தணும்" என்று சொல்லிவிட்டான்.

அந்தப் பேச்சைச் சுமந்துவந்து அண்ணாச்சி நம் கடை வாசல் டீக்கடையில் இறக்கினார். "மைதீனுக்குக் கடைசியில கை நடுங்கிட்டுவே. பல்லை மாத்திப் பூட்டிட்டான்" என்றார்.

உனக்கா கை நடுக்கம்? ஓடுகிற இஞ்சினுக்குள் கையை விட்டு விழுந்த திருகாணியை எடுத்தவனுக்கா? உன் ஜைனம்பு கடைக்குள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கொஞ்ச நாளில் டிரைவர்கள் ஒவ்வொருவராக வண்டியை வேறு கடைக்குத் திருப்பினார்கள். ஒரு காலையில் அவள் என்னிடம், "அண்ணே, அவுக பேரு போட்ட போர்டை எறக்கிரலாமா? போறவன் வாறவன் வாயிலயெல்லாம் அவுக பேரு எதுக்கு?" என்று கேட்டாள்.

புருஷன் போனபோதுகூட என் முன்னால் அழாதவள் மச்சான். அன்றைக்கு அழுதாள்.

அதற்குமேல் எனக்கென்ன பொறுமை? அண்ணாச்சி வீட்டுக்குப் போய் அதட்டிச் சாவி வாங்கினேன். பாதியைக் கழித்தால், கெஞ்சியும் வாங்கினேன். வண்டி நம் வாசலுக்கு வரும்போது போட்ட சத்தம் மாட்டுங்கா ஸ்டேஷன்வரை கேட்டது. பார்த்த கணத்திலேயே நோயைக் கண்டுபிடித்துவிட்டேன். சரி சரி, ஒரு காலைப்பொழுது ஆனது.

முதலில் உன் பெட்டியைத்தான் பார்த்தேன். குற்றம் சொல்லப்பட்டது அதன் மேல்தானே? ஆயிலை இறக்கி விரலில் தேய்த்து வெயிலில் காட்டினேன். பல் உடைந்திருந்தால் இரும்புத்தூள் மினுங்கும். ஒரு பொட்டு இல்லை. சக்கரத்துக்குப் போகிற தண்டின் கிராஸ் மூட்டைப் பிடித்து ஆட்டினேன், ஆட்டமில்லை. சக்கரத்து பேரிங் சுத்தம். பிறகுதான் சின்ன லீவரைத் தொட்டேன். நாலு சக்கரத்தில் கிடந்தது. பின்னால் தள்ளினால் வரவில்லை. காலை வைத்து உதைத்தாலும் அசையவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் கட்டு எங்கே? அந்த லீவரை யாரும் விளையாட்டாக இழுத்துவிடக் கூடாதென்று சைக்கிள் டியூபைக் கீற்றாக அறுத்து இறுக்கிக் கட்டி வைப்பாயே, அந்தக் கட்டு? லீவருக்குக் கீழே கிடந்த கால்மிதியைத் தூக்கினேன். கிடந்தது. அவிழ்க்கவில்லை மச்சான், கத்தியால் அறுத்திருந்தார்கள். அறுத்த வாயில் குங்குமம்!

அண்ணாச்சியின் டிரைவரைப் பிடித்து உலுக்கினேன். கக்கிவிட்டான். ஆயுத பூஜை அன்றைக்கு நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறார்கள். அண்ணாச்சி வண்டியில் ஏறி, "பின்சக்கரம் தள்ளி முன்சக்கரம் மிதிச்சா அது பூசையாவே? நாலும் சொந்தப் பலத்துல மிதிக்கணும்" என்று சொல்லி, எலுமிச்சம்பழம் வெட்டின கத்தியாலேயே உன் கட்டை அறுத்து லீவரை இழுத்திருக்கிறார். பழத்தை நசுக்கியதோடு விட்டாரா? சாமிக்குப் போட்ட கியரை எடுக்கக் கூடாதாம்! அன்றிலிருந்து தார் ரோட்டில் நாலு சக்கரத்திலேயே ஓட்டம்.

சேற்றில் சரி, டயர் வழுக்கிக் கொடுக்கும். தார் ரோட்டுத் திருப்பத்தில் முன்சக்கரம் தூரமாய்ச் சுற்றும், பின்சக்கரம் கிட்டத்தில் சுற்றும். இரண்டையும் ஒரே கணக்கில் கட்டிப்போட்டால் ஒன்றையொன்று முறுக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஈரப் போர்வையைப் பிழிகிற மாதிரி. அந்த முறுக்கில்தான் லீவர் இறுகிவிட்டது. அத்தனை நாள் முறுக்கியும் உடையவில்லை என்றால் அது நீ பூட்டிய பெட்டி என்பதால்தான். இதைச் சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரவில்லையே?

அண்ணாச்சியை வரச் சொன்னேன். செம்பூர் மிஸ்திரியையும் கூட்டிவரச் சொன்னேன். டீக்கடைக் கூட்டம் தானாக வந்தது. ஜைனம்பு வாசலில் நின்றாள்.

"என்னவே சொடலை, பெட்டியைக் கழத்திட்டியா?" என்றார் அண்ணாச்சி.

"ஒரு போல்ட்டத் தொடல அண்ணாச்சி. ஜாக்கி மட்டும்தான். எல்லாரும் சக்கரத்தப் பாருங்க."

முன்பக்கம் ஒரு சக்கரத்தைத் தூக்கினேன். தரையை விட்டதுதான் தாமதம், யாரும் தொடாமலே அந்தச் சக்கரம் தடாலென்று சுற்றி நின்றது. மிஸ்திரி பின்னால் துள்ளினான். வண்டிக்குள் கையை விட்டுச் சுண்டுவிரலால் தள்ளினேன். லீவர் வெண்ணெய் மாதிரி வந்தது. இந்தச் சுண்டுவிரலில் பாதியைக் கழிக்காதே. சத்தியமாகச் சுண்டுவிரல்தான்.

"ஓட்டிப் பாருங்க" என்றேன். அண்ணாச்சி ஒரு சுற்று போய்வந்தார். கிறீச் இல்லை, முனகல் இல்லை. அறுந்த டியூபை அவர் கையில் வைத்தேன். குங்குமத்தைப் பார்த்தார்.

"சாமி காரியம்வே... தெரியாமப் போச்சு" என்று முணுமுணுத்தார். பிறகு ஜைனம்புவைப் பார்த்து, "தாயி, மைதீன் மேல தப்பில்ல" என்றார்.

உன் பெண்டாட்டி என்ன சொன்னாள் தெரியுமா? "எங்கிட்ட எதுக்கு அண்ணாச்சி சொல்லுதிய? எனக்குத் தெரியாதா அவுகள? நீங்க டீக்கடையில நின்னுல்லா சொன்னிய? அங்க போய்ச் சொல்லுங்க."

போனார். டீக்கடைப் பெஞ்சுக்கு முன்னால் நின்று, எல்லோரும் கேட்கச் சொன்னார். சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா? இத்தனை நாள் உன் பெயர் தெருவில் கிடந்ததே, அதை யார் துடைப்பது? அந்த மிஸ்திரி மட்டும் கூட்டத்தோடு கூட்டமாக நழுவினான். இந்த மலர் செம்பூருக்கும் போகும், படிக்கட்டும்.

அண்ணாச்சி ஜீப்பில் புது டியூப் கட்டிவிட்டேன். நீ போடுகிற முடிச்சு எனக்கு வரவில்லை. அது எப்படி மச்சான்? ஒரு இழுப்பில் இறுகும், ஒரு இழுப்பில் அவிழும். எத்தனை முறை பார்த்தும் கற்காமல் பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். நான் போட்டது சும்மா மாட்டு முடிச்சு. அவிழாது, அது போதும்.

போர்டு இறங்கவில்லை. ஜைனம்புவே ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தாள். நான் இருக்கிறவரை அதில் உன் பெயர்தான் இருக்கும். என் பெயரை ஓரத்தில்கூட எழுதமாட்டேன். இது சொடலைமுத்து கொடுக்கிற வாக்கு. மற்றதில் எல்லாம் பாதியைக் கழித்துக்கொள். இதில் கழிக்காதே.

ரத்தம் வேறானாலும்
உன் மச்சான்,
சொடலைமுத்து
மைதீன் மோட்டார் ஒர்க்ஸ், தாராவி