நீங்கள் என்னைத் தூங்கவைத்த மாதங்கள்

அக்கா,

என் கடைசி மகள் பிரசவத்துக்காகக் குனோங் ராபாட் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நேற்று அவள் தலையணையாக அணைத்துப் படுக்கும் நீளப் பந்தாலை வெயிலில் போட்டு எடுத்து வந்தேன். சூடேறிய இலவம்பஞ்சு வாசம் முகத்தில் பட்டதும் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னம்மா, பந்தால கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்று சிரித்தாள்.

அவளுக்கு உங்களைப் பெரியம்மாவாகத்தான் தெரியும். அதற்கு முந்தைய கதையை நான் சொன்னதே இல்லை.

ஜப்பான்காரன் காலம். சிம்பாங் பூலாய் பக்கம் நம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவது நின்றுபோயிருந்தது. உங்கள் வீட்டுக்காரரையும் என் வீட்டுக்காரரையும் ஒரே லாரியில் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிப் போனார்கள். எனக்குத் தலைச்சன் பிள்ளை வயிற்றில். அடுத்த வீட்டில் தனியாக இருந்த நீங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு என்னிடமே வந்துவிட்டீர்கள்.

வயிறு பெருக்கப் பெருக்கத் தூக்கம் போனது. பலகையில் படுத்தால் இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. லயத்து வரிசை வீடுகளில் ஆளுக்கொன்று சொன்னார்கள். மல்லாக்கப் படுக்காதே என்றாள் ஒருத்தி. இடப்பக்கம்தான் நல்லது என்றாள் இன்னொருத்தி. அந்தப் பக்கம் படுத்தால் நெஞ்சு படபடக்கும் என்றாள் வேறொருத்தி. எழுந்து உட்காராமல் புரண்டால் கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றிவிடும் என்றும் பயமுறுத்தினார்கள். யார் பேச்சைக் கேட்பது? சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விழித்துக் கிடந்தேன்.

நீங்களோ, துணி கிடைக்காமல் சனங்கள் கோணிச் சாக்கைக் கட்டித் திரிந்த நேரத்தில், உங்கள் கூறைச் சேலையை எடுத்துக் கிழித்தீர்கள். பொறுக்கிவந்த இலவம்பஞ்சை அடைத்து என் உயரத்துக்கு ஒரு பந்தால் தைத்தீர்கள்.

"கூறைச் சேலையாச்சேக்கா!"

"அவரு வந்தா வேற வாங்கித் தருவாரு லா. நீ ஒருக்களிச்சுப் படு. காலுக்கு நடுவுல இத வை. வயித்துக்கும் கொஞ்சம் முட்டுக் குடு."

என் முதுகைத் தேய்த்துவிட்டீர்கள். அன்று பகல் முழுக்கத் தூங்கினேன்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், சயாமிலிருந்து தப்பி வந்த ஆள் ஒருவர் உங்களைத் தேடி வந்தார். கிணற்றடியில் நின்று பேசினீர்கள். நான் வாசலுக்கு வருவதற்குள் அவர் போய்விட்டார்.

"என்னக்கா சொன்னாரு?"

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம். போய்ப் படு, புள்ள."

உங்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாளும் குளித்துப் பொட்டு வைத்தீர்கள். மரவள்ளிக்கிழங்கில் பெரிய துண்டை எனக்கு வைத்தீர்கள். நான் நிம்மதியாகத் தூங்கினேன். பெண் பிள்ளை சுகமாகப் பிறந்தது.

சண்டை ஓய்ந்து என் வீட்டுக்காரர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் வருகிறாரா என்று நான் எட்டிப் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை.

"அண்ணன் காய்ச்சல்ல போயிட்டாரு. தப்பிச்சு வந்த ஆளுகிட்ட அப்பவே சொல்லி அனுப்புனேனே," என்றார்.

உங்கள் மடியில் என் பிள்ளை இருந்தது.

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"அப்ப நீ தூங்க வேண்டியிருந்துச்சு," என்றீர்கள்.

அன்றுதான் பொட்டை அழித்தீர்கள். அன்றுதான் வாய்விட்டு அழுதீர்கள்.

அதன்பிறகு நம் வீட்டோடு இருந்து என் பிள்ளைகள் எல்லாரையும் வளர்த்தீர்கள். அத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவையும் கேட்கவில்லை. எனக்காக மறைத்தீர்களா? தாலி இழந்தவள் பிள்ளைத்தாய்ச்சி பக்கத்தில் இருக்கக்கூடாது என்று லயத்தார் நம்மைப் பிரித்துவிடுவார்கள் என்று பயந்தீர்களா? இல்லை, வாய்விட்டுச் சொல்லாதவரை அவர் உயிரோடு இருப்பார் என்று உங்களுக்கே ஒரு நினைப்பா? ஒரு நாள் இது சரியென்று படுகிறது, இன்னொரு நாள் அது. என் பக்கத்தில் படுத்திருந்த அந்த மாதங்களில் நீங்கள் கண்ணை மூடினீர்களா என்பதுகூட எனக்குத் தெரியாது. போன வருஷம் நீங்களும் போய்விட்டீர்கள். இனி யாரைக் கேட்பேன்?

அவ்வளவு நல்ல தூக்கம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை அக்கா. அதற்காக உங்களைக் கும்பிடுவதா, வெட்கப்படுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.