தேள்கொடுக்கு முளைத்திருந்த மைதானம்

அல்வால்,
ஹைதராபாத்.

அன்புள்ள அப்பாவுக்கு, செண்பகா வணக்கத்துடன் எழுதுவது. சர்க்கரை குறைந்ததா? காலை நடையை விட்டுவிடாதீர்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

நான் ஆராய்ச்சி செய்கிற வண்ணத்துப்பூச்சி விரல் நகத்தளவுதான் இருக்கும். பழுப்பு நிறம்; பின்சிறகின் ஓரத்தில் ஆரஞ்சு வளையமிட்ட கரும்புள்ளிகள். புல்லை ஒட்டியே பறக்கும், தொலைவு போகாது. இங்கே காலனி மைதானத்தில் முளைத்திருந்த தேள்கொடுக்குச் செடியில் முட்டையிட்டிருந்தது. பச்சைப் புழுக்களை எறும்புகள் காவல் காத்தன. இந்த வாரம்தான் அவை கூட்டுப்புழுவாகத் தொடங்கியிருந்தன.

நேற்று போனால் மைதானம் மொட்டையாகக் கிடந்தது. பதுகம்மா பண்டிகைக்குப் பெண்கள் பூ அடுக்கிச் சுற்றிவந்து ஆட இடம் வேண்டுமென்று, காலனிக்காரர்கள் செடிகளைச் செதுக்கிக் கொளுத்திவிட்டார்கள். யாரைக் கோபித்துக்கொள்வது? வீட்டுக்கார சுமலதா அக்கா, "எதுக்கு அழறே? அடுத்த மழைக்குப் புல்லு வந்துரும்" என்று சொல்லி என்னையும் ஆட இழுத்துப் போனார். நானும் கைதட்டிச் சுற்றினேன், அப்பா. பாதமெல்லாம் சாம்பல்.

புல் வரும். பூச்சி எங்கிருந்து வரும்? வேறு இடம் தேடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பொங்கலுக்கு வர முடியாது.

பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். நடக்கப் போகும்போது கோவில்பட்டி ரயிலடிப் பக்கம் தேள்கொடுக்கு இருந்தால் குனிந்து பாருங்கள். இந்தப் பூச்சி தென்பட்டால் உடனே போன் செய்யுங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. தென்படாவிட்டாலும் செய்யுங்கள்.

செண்பகா