வயதெல்லை முப்பத்தைந்து

ஒஸ்லோ, நவம்பர் 2006

அன்புள்ள அம்மாவுக்கு,

இளம் ஆய்வாளர் விருதை நேற்றுத் தந்தார்கள். நீங்கள் கேட்டபடி சேலைதான் உடுத்தேன். பனிச் சப்பாத்தோடு சேலை, சிரிக்காதேயுங்கோ.

தொலைபேசியில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். இங்கே அப்பாவின் பெயர்தான் எனக்குக் குடும்பப் பெயர். நீங்கள் ஒருநாளும் வாயால் சொல்லாத அந்தப் பெயரை மேடையில் நின்று மூன்று தரம் கூப்பிட்டார்கள். நான் எழும்பவில்லை. சின்னப்பிள்ளை மாதிரி, அப்பா எங்கே என்று திரும்பிப் பார்த்தேன்.

பக்கத்துக் கதிரையில் இருந்தவர் எழும்பி நின்றார். வெளியே பனி கொட்டியது. அவர் அரைக்கைச் சட்டையோடு இருந்தார். சட்டையின் மூன்றாவது பொத்தான் மட்டும் கறுப்பு நூலில் தைத்திருந்தது. வவுனியாவுக்கென்று அப்பா பஸ்ஸேறித் திரும்பாமல் போன அந்தக் காலையில், நீங்கள் அவசரமாகத் தைத்துக் கொடுத்த பொத்தான்.

"போ பிள்ளை, உன்னைத்தான் கூப்பிடினம்" என்றார்.

நான் போய்ப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்தபோது கதிரையில் யாரும் இல்லை.

விருதுக்கு வயதெல்லை முப்பத்தைந்து. எனக்கு முப்பத்துநான்கு. அவருக்கு, பஸ்ஸேறிய அன்றைக்குப் போலவே முப்பத்துமூன்றுதான் அம்மா. என்னைவிட ஒரு வயது இளையவர்.

"கொப்பர் எங்கையோ இருக்கிறார்" என்று சொல்லிச் சொல்லி, தகப்பன் இல்லாதவர்கள் பிடிக்கிற ஆடி அமாவாசை விரதத்தை இருபத்தொரு வருடமாக நீங்கள் என்னைப் பிடிக்க விடவில்லை.

வருகிற ஆடியில் பிடிக்கப்போகிறேன். ஏனென்று கேளாதேயுங்கோ.

உங்கள் மகள்