பால் உம்மாவுக்குச் சம்பளம்

ஜனவரி 8
ஆதிலாவுக்கு இரண்டாவது பல் எட்டிப் பார்க்கிறது. என் விரலைக் கடித்துவிட்டுச் சிரிக்கிறாள், கள்ளி. அவளைப் பெற்ற உம்மா, பக்கத்து வீட்டு நஸ்லா ராத்தா, எனக்கு அக்கா மாதிரி; ரீச்சர். அவர் பள்ளிக்கூடம் போய் வரும்வரை, காலையிலிருந்து இரண்டு மணிவரை, அவர் வீட்டிலிருந்து பிள்ளையைப் பார்ப்பது என் வேலை. என் மகன் அஹ்ஸனும் அதே பாயில்தான் தவழ்கிறான். கடல் இன்னும் அடங்கவில்லை. என் வீட்டுக்காரர் மீன்பிடிக்கப் போகிற போட் ஒலுவில் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது. ராத்தா தருகிற சம்பளத்தில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது.

ஜனவரி 11
மழை. விடவே இல்லை.

ஜனவரி 12
வெள்ளம் நாவிதன்வெளிப் பாதையை மூடிவிட்டது. பள்ளிக்கூடம் போன ராத்தா அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். போனில் அழுகிறார். அவர் கணவர் கத்தாரில். இந்த வீட்டில் நானும் இரண்டு பிள்ளைகளும்தான். பால்மா முடிந்துவிட்டது, கடையெல்லாம் பூட்டு. ஆதிலா கத்திக் கத்திக் குரலும் அடைத்துப்போயிற்று. தூக்கி நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? யோசிக்கவா நேரம்? குடித்தாள். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

ஜனவரி 14
தண்ணீர் வற்றி ராத்தா வந்து சேர்ந்தார். இரண்டு நாளும் நானே பால் கொடுத்ததைச் சொன்னேன். கட்டிப்பிடித்து அழுதார். "இனி நீ வேற ஆளில்ல புள்ள. எண்ட மகள்ற பால் உம்மா!" பால் கொடுத்தவளும் பெற்ற தாய் மாதிரி என்பது எங்கள் மார்க்கம்.

அக்கம்பக்கத்தில் நல்ல பகிடி. அஹ்ஸனுக்கும் ஆதிலாவுக்கும் கலியாணம் பேசிச் சிரித்தவர்கள், "பாலக் குடுத்து நானாவும் தங்கச்சியுமாக்கிப் போட்டியே, சம்பந்தம் போச்சே" என்கிறார்கள். ஒரே பால் குடித்தவர்கள் அண்ணன் தங்கை ஆகிவிடுவார்கள், கலியாணம் முடிக்கக் கூடாது. நானும் சிரித்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

ஜனவரி 31
சம்பள நாள். ராத்தா உடுக்க ஒரு புது அபாயாவும் இனிப்புக்கு ஒரு கிண்ணம் வட்டிலப்பமும் தந்தார். அவ்வளவுதான். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து நின்றேன்.

"என்ன புள்ள?"

"ஒண்டுமில்ல ராத்தா."

அவருக்கு விளங்கிவிட்டது போல. "உம்மாக்கு ஆராச்சும் சம்பளம் குடுப்பாங்களா? எனக்கே வெக்கமா இரிக்கி" என்றார். மனதாரத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. வட்டிலப்பத்தைக் கொடுத்து அரிசி வாங்க முடியுமா?

பெப்ரவரி 9
இப்போதெல்லாம் இரண்டு மணி என்று ஒன்று இல்லை. ரியூஷன், மீட்டிங், கலியாண வீடு — எதற்கும், "உம்மா நீதானே இரிக்காய்." நான் வீட்டுக்கு வரப் பொழுதுபட்டு மஹ்ரிப் தொழுகை ஆகிறது. இவரிடம் சொன்னால், "கேட்டிராத. பால வித்தவள் எண்டு ஊர் கதைக்கும்" என்கிறார். வேலையை விடலாம் என்றால், என்னைக் கண்டதும் கை நீட்டுகிற பிள்ளையை எப்படி விடுவது? மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கடைக்காரர் இன்று முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெப்ரவரி 10
கோபம். எழுத ஒன்றும் வரவில்லை.

பெப்ரவரி 17
பெண்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிற ஸில்மியாவிடம் கேட்டேன். வேறு யாருக்கோ நடந்தது மாதிரித்தான் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"பால் குடுத்தா நீ அந்தப் புள்ளைக்கித்தான் உம்மா. நஸ்லா ரீச்சருக்கில்ல. பால் குடுத்தவளுக்கே கூலியக் குடுங்க எண்டு குர்ஆன்ல இரிக்கக்குள்ள, புள்ள பாத்தவளுக்குக் குடுக்கப்படாதா?"

இத்தனை நாளும் நான் எதற்கு வெட்கப்பட்டேன்?

மார்ச் 1
கேட்டுவிட்டேன்.

"பாலுக்குக் கேக்கல்ல ராத்தா. அது ஆதிலாக்கு நான் குடுத்தது. பாக்கிறதுக்குக் கேக்கிறன். ரெண்டு மணிக்குப் பொறகு இரிந்தா அதுக்கும் வேணும்."

"உன்ன நான் இப்பிடி நினைக்கல்ல" என்றார் ராத்தா. நானும்தான் உங்களை இப்படி நினைக்கவில்லை — அங்கே சொல்ல வாய் வரவில்லை, இங்கே சொல்கிறேன். உள்ளே போனார். இரண்டு மாதத்துச் சம்பளத்தையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். என் கையில் தரவில்லை.

மார்ச் 6
ராத்தாவோடு படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் வந்தார். ஆதிலா என் மடியில் இருந்தாள். என்னைக் காட்டி, "இது ஆரு?" என்று கேட்டார்.

"புள்ள பாக்க வாறவ. சம்பளத்துக்கு." ராத்தா என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

பால் உம்மா என்று சொன்ன அதே வாய். பொய்யா சொன்னார்? இல்லையே.

இரண்டு மணிக்குப் பிள்ளையை ராத்தாவிடம் கொடுத்தேன். போகமாட்டேன் என்று என் சால்வையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, அஹ்ஸனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் அழுகிற சத்தம் எங்கள் குசினிவரை கேட்டது. அரிசியைக் கழுவி உலையில் போட்டேன்.